இலையில் நிற்கும் தூளே பயன் தரும்

தீவுப் பகுதியிற் பயிர்களுக்குத் தூள் மருந்து தூவும் கமக்காரருக்கு முதற்பகை காற்றேயாகும். வைகாசி தொடங்கி ஆவணி கழியும்வரை சோளகம் வீசும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அதனைத் தடுத்து நிறுத்த மேட்டுநிலம் இல்லை. மிளகாயிற் சாம்பல் நோய்க்கென விலைகொடுத்து வாங்கிய கந்தகத் தூள் வேலியைத் தாண்டிப் போவதைப் பலர் கண்டிருப்பர். இலையிற் படிந்த தூளும் முழுவதும் அங்கே தங்குவதில்லை. ஆகவே, தூவிய அளவைவிட ஒட்டி நின்ற அளவையே கணக்கில் எடுத்தல் வேண்டும்.

1845 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் திராட்சைக் கொடிகளிற் சாம்பல் நோய் காணப்பட்ட பின், சில ஆண்டுகளுக்குள் கந்தகம் அதற்கு மருந்தாயிற்று. அக்காலம் முதலே தூளின் நுண்மை முக்கியமெனக் கருதப்பட்டது. அதன் காரணம் எளிது. துகளின் விட்டம் பாதியானால் அதன் நிறை எட்டில் ஒரு பங்காகும். ஒட்டும் விசையோ பாதியாக மட்டுமே குறையும். எனவே நிறையோடு ஒப்பிடுமிடத்து நுண்துகள் நான்கு மடங்கு உறுதியாகப் பற்றும்.

ஆய்வுகூடங்களில் இவ்விசையைச் சுழற்சியால் அளப்பர். தூள் படிந்த தட்டை, அப்பக்கம் வெளிநோக்கியிருக்கச் சுழலியிற் பொருத்தி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவர். பாதித் துகள்கள் கழன்றுபோகும் வேகமே கணக்குக்கு அடிப்படை. அச்சிலிருந்து 10 சதமமீற்றர் தூரத்தில், நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால், துகளை இழுக்கும் விசை அதன் நிறையைப்போல் ஏறத்தாழ 112 மடங்காகும். 3000 சுற்றில் அது 1000 மடங்கை எட்டும். பரு மணல் தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும். நுண்தூளிற் பெரும்பங்கு அப்போதும் அசையாதிருத்தல் கூடும்.

கமக்காரருக்குச் சுழலி வேண்டியதில்லை. தட்டாரின் தராசும் ஒரு கண்ணாடித் துண்டும் போதும். காற்றுப்படாத அறையிற் கண்ணாடியை நிறுத்து, மெல்லிய துணிப் பொட்டலத்தாற் தூளைத் தட்டிப் படியச் செய்து, மீண்டும் நிறுக்க. பின்பு அதனைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு விரல் உயரத்திலிருந்து அதன் விளிம்பைப் பலகையிற் பத்துமுறை தட்டி, எஞ்சியதை நிறுக்க. இரு கடைகளில் வாங்கிய தூள்களை இவ்வாறு ஒப்பிட்டால் எது தேறும் என்பது தெரிந்துவிடும். அடுத்து, கண்ணாடியின் மேல் வாயால் ஊதி ஆவிபடியச் செய்து அவ்வாறே தூவுக. ஈரம் நன்றாக உலர்ந்த பின்பே இதனை நிறுத்தல் வேண்டும். இன்றேல் நீரின் நிறை கணக்கைக் கெடுத்துவிடும்.

ஈரமான கண்ணாடியில் எஞ்சுவது பெரும்பாலும் மிகுதியாயிருக்கும். துகளுக்கும் பரப்புக்கும் இடையே நீர் பாலம்போல் நின்று இழுப்பதே அதற்குக் காரணம். பயிற்றையில் அழுக்கணவன் கண்டவுடன் விடியற்புறத்திற் பனியோடு அடுப்புச் சாம்பல் எறிந்த முன்னோர், தராசின்றியே இதனை அறிந்திருந்தனர். ஆனால் நீர் வழிந்தோடும் இலையில் தூள் கழுவப்பட்டுப் போகும்.

இலைக்கு இலை வேறுபாடும் உண்டு. வெங்காயத் தாளின் மெழுகுப் பூச்சிற் தூள் எளிதிற் பிடிப்பதில்லை. புகையிலையின் பிசுபிசுத்த மயிர்களோ தூளோடு மணலையும் சேர்த்துப் பற்றிக்கொள்ளும். அதனால் இலையின் விலை குறைவதும் உண்டு.

காற்று அடங்கிய விடியற்காலையில், 44 மைக்கிரோன் சல்லடையிற் சலித்த கந்தகத்தை, மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு தூவுதல் நன்று. பகல் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு மேற் செல்லும் நாட்களிற் கந்தகம் இலையைக் கருக்கக்கூடும்; அந்நாட்களில் தூவுதலை ஒத்திவைக்க.