சின்னத்திரை முதலாளிகள் - 6: சித்தி வாங்கிய அரை மணி நேரம்

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்த அன்று மாலை, எம்.ஜி.ஆரையும் நடிகர் எம்.ஆர்.ராதாவையும் முதலில் கொண்டுவந்து சேர்த்த இடம் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. பிறகுதான் பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆரின் படம் தேர்தல் சுவரொட்டியானது. எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் ராதா சிறைக்குப் போனார். அப்போது அவருடைய மகள் ராதிகாவுக்கு நான்கு வயது.

1978-ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' மூலம் அந்த மகள் திரைக்கு வந்தார். அடுத்த வருடமே அப்பா காலமானார். தமிழிலும் தெலுங்கிலும் பத்து வருடங்களுக்கு மேல் கதாநாயகி. அதன் பிறகு நம் சினிமா நடிகைகளுக்கு வழக்கமாக ஒதுக்கி வைத்திருப்பது அக்கா, அண்ணி, அம்மா வேடங்கள். ராதிகாவோ 'ராடான்' என்ற தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்தக் காலத்துச் சின்னத்திரை வியாபாரத்தைப் புரிந்துகொண்டால்தான் இதில் இருந்த துணிச்சல் தெரியும். சேனலிடம் தயாரிப்பாளர் பணம் கட்டி 'ஸ்லாட்' எடுக்க வேண்டும். பதிலுக்குச் சில நிமிட விளம்பர நேரம் கிடைக்கும். அதை சோப்புக் கம்பெனிக்கும் மசாலாக் கம்பெனிக்கும் விற்றுத்தான் படப்பிடிப்புச் செலவு, சம்பளம், லாபம் எல்லாம். ரேட்டிங் விழுந்தால் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில்.

1999 டிசம்பரில் சன் டி.வி.யில் 'சித்தி' தொடங்கியது. இயக்கம் சி.ஜே.பாஸ்கர், ஜோடி சிவகுமார். தீனாவின் இசையில் நித்யஸ்ரீ பாடிய டைட்டில் பாட்டு ஒலித்தால் அடுப்படியில் இருப்பவர்களும் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். தெலுங்கில் அதுவே 'பின்னி' ஆனது. தொடர்ந்து அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி. நடுவே, சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வினாடி வினா. ராடான் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவரும் ஒரு பெண்தான்: இர்னா பிலிப்ஸ். 1930-ல் சிகாகோ வானொலி ஒன்றுக்குத் தொடர் எழுதினார். அது யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது; அவர் தோற்றார். அதற்குப் பிறகு எழுதியவற்றின் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1937-ல் அவர் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது.

ராதிகாவின் தொடர்கள் மீது குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு மாதக் கதையை ஒரு வருடத்துக்கு இழுத்ததும், நல்லவளை ஓயாமல் அழவைத்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால், சம்பளத்துக்கு நடிக்கும் ஒருவர் தன் உழைப்புக்குத் தானே முதலாளி ஆகலாம் என்பதை இங்கே பெரிய அளவில் செய்துகாட்டியவர் அவர். அப்பாவின் வழக்கு மட்டுமே நினைவில் நின்ற ஒரு குடும்பப் பெயரை வீடுதோறும் மரியாதையோடு உட்கார வைத்தது, அவர் பணம் கட்டி வாங்கிய அந்த அரை மணி நேரம்தான்.

அடுத்த வாரம்: கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள்.