பாலத்துக்கு நாடி பார்க்கும் உணரிகள்

பொங்கலுக்கு மண்பானை வாங்கும் பெரியவர்கள் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. இன்று பொறியாளர்கள் மிகப் பெரிய பாலங்களையும் ஏறக்குறைய இதே முறையில் சோதிக்கிறார்கள்.

இதற்கான தேவை என்ன? 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலம் சில வினாடிகளில் சரிந்தது. 13 பேர் உயிரிழந்தனர். 145 பேர் காயமடைந்தனர். 1967இல் திறக்கப்பட்ட அந்த எஃகுப் பாலத்தில், சட்டங்களை ஒன்றோடொன்று இணைத்த தகடுகள் சில, தேவையான கனத்தில் ஏறக்குறைய பாதியளவே இருந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. பின்னாளில் கூடிய எடையும், அன்று பழுதுபார்ப்புக்காகக் குவிக்கப்பட்டிருந்த பொருள்களின் சுமையும் சேர்ந்தபோது அத்தகடுகள் தாங்கவில்லை.

அதே இடத்தில் 2008 செப்டம்பரில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 300க்கும் மேற்பட்ட உணரிகள் உள்ளன. உணரிகள் எதை அளக்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, திரிபுமானி. பாரம் ஏறும்போது பாலத்தின் பாகங்கள் மிக மிகச் சிறிதளவு நீளும் அல்லது சுருங்கும். திரிபுமானியின் ஒரு வகையில், மெல்லிய உலோக இழை வளைந்து வளைந்து பதிக்கப்பட்டிருக்கும். ஒட்டிய இடம் நீண்டால் இழையும் நீண்டு மெலியும். அதன் மின்தடை கூடும். ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூட இதனால் அறிய முடியும்.

இரண்டாவது, முடுக்கமானி. இது அதிர்வை அளக்கிறது. உங்கள் அடிக்கோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, நுனியைத் தட்டிவிடுங்கள். அது குறிப்பிட்ட வேகத்தில் ஆடும். பாலத்துக்கும் அப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எடை மாறாமல் விறைப்பு மட்டும் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எனவே, விறைப்பு 19 விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் 10 விழுக்காடு குறையும். கணிப்பொறியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 0.81இன் வர்க்கமூலம் 0.9.

மூன்றாவது, வெப்ப உணரி. பாலத்துக்கு இது எதற்கு? 100 மீட்டர் நீள எஃகு, வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் சுமார் 24 மில்லிமீட்டர் நீளும். உச்சிவெயிலில் பாலம் நீள்வது இயற்கை, அது நோயல்ல. வெப்பநிலை தெரியாவிட்டால் கணினி அதையும் ஆபத்தென்று தவறாக அறிவித்துவிடும். இவற்றோடு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறதா என்று கவனிக்கும் உணரிகளும் உண்டு.

அப்படியானால், பழைய பாலத்தில் உணரிகள் பொருத்தியிருந்தால் அந்த 13 பேரும் பிழைத்திருப்பார்களா? உறுதியாக அப்படிச் சொல்ல முடியாது. திரிபுமானி, அதை ஒட்டிய நாளுக்குப் பிறகு நேரும் மாற்றத்தையே காட்டும். அதற்கு முன்பே ஒரு தகடு எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. புதிய பாலத்தில் கட்டுமானத்தின்போதே உணரிகளைப் பதித்ததன் பயன் இதுதான். பிறந்த நாள் முதல் மருத்துவக் குறிப்பு இருந்தால், பின்னாளில் எது மாறியது என்று மருத்துவர் எளிதில் கண்டுகொள்வார் அல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சரிவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003இல் எடுத்த படங்களில் அந்தத் தகடுகள் சற்று வளைந்திருப்பது தெரிகிறது. படம் இருந்தது, அதன் பொருளை யாரும் உணரவில்லை. உணரி எண்களைத் தரும். “இந்த எண் ஏன் மாறியது?” என்று மனிதர்தான் கேட்க வேண்டும்.

உங்கள் திறன்பேசியிலும் ஒரு முடுக்கமானி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் செயலியைத் திறந்து, பாதசாரிகளுக்கான மேம்பாலத்தின் நடுவே தரையில் வைத்துப் பாருங்கள். ஒருவர் நடந்து போனாலும் கோடு துள்ளும். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் பாலம், உண்மையில் எப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.