பென்சிலை விட மெல்லிய குழாய்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் இறங்கும். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யத் தொடங்கிய வண்டி அது. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்கள் அதில்தான் வலம் வந்தார்கள். இன்று நம் இளைஞர்கள் சிலர் அப்படியொரு பழைய வண்டியை வாங்கி, ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக் காட்டுப் பாதையில் ஓட்டுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான். உயரத்தைக் கவனிப்பவர்கள் பிரேக் குழாயையும் கவனிக்க வேண்டாமா?

பிரேக் மிதியை அழுத்தினால் எண்ணெய் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளப்படுகிறது. அந்தக் குழாயின் கனம் ஓர் அங்குலத்தில் 3/16 பங்கு. பென்சிலை விட மெல்லியது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பு. எந்த இடத்தில் உடைந்தாலும் நான்கும் போச்சு! பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் இடங்களில் ரப்பர் ஹோஸ் இருக்கும். வண்டியை உயர்த்திய பின் பழைய ஹோஸ் எட்டாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது விறைத்து அறுந்துவிடும். சோதிப்பது எளிது. சட்டத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அப்போதும் ஹோஸ் தளர்ந்திருக்க வேண்டும். டயரிலோ புகைக்குழாயிலோ உரசக்கூடாது. எட்டவில்லையென்றால் நீளமான ஹோஸ்தான் வழி.

இரும்புக் குழாய் நம் நாட்டு மழையில் துருப்பிடிக்கும். தனிச் செம்பு வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்வில் விரிசல் விடும். செம்போடு நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கல் கலந்த குழாயே சிறந்தது. விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் தயங்க வேண்டாம். குழாயின் வாயை மடிப்பதிலும் வகைகள் உண்டு. வாயும் நட்டும் பொருந்தாவிட்டால் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இணைப்பைப் பிரேக்குக்குப் போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது காற்று. ஊசி போடும் குழலில் தண்ணீர் நிரப்பி, முனையை அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. ஒரு குமிழி இருந்தால் அழுந்தும். (மாணவர்களுக்கு இதைக் காட்டினால் விஞ்ஞானப் பாடம் மறக்காது!) ஆகவே தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நம் வண்டிகளில் அது பின் இடது சக்கரம். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் திருகைத் திறந்து மூட வேண்டும். இடையில் எண்ணெய்ப் புட்டி வற்றினால் மறுபடியும் காற்று புகுந்துவிடும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை புதிதில் 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 பாகைக்கே இறங்கிவிடலாம். தாப்பா பக்கம் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி எண்ணெய் கொதித்தால் மிதி தரையில் போய் உட்காரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அவசரத்துக்கென்று என்ஜின் எண்ணெயை ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும் ஒருவர் மிதியைப் பலமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் விளக்கோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும். பிறகு சமதரையில் ஆளேற்றாமல் ஓட்டிப் பாருங்கள். மலைப் பாதை அதற்கப்புறம்தான்.