சாணியைப் புதைக்கும் வண்டு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் மானாவாரிக் காடுகள்தான். ஐப்பசி மழை இறங்கி மண் இளகிவிட்டால், மாடு சாணி போட்ட கொஞ்ச நேரத்தில் வண்டுகள் வந்து இறங்கிவிடும். வெயிலில் அது வறண்டு இறுகுவதற்குள் அள்ளியாக வேண்டுமே!

அள்ளுகிற விதத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். சாணி உருட்டி வண்டின் தலை விளிம்பு அரிவாள் கருக்குப் போலப் பல் பல்லாக இருக்கும். அதைக் கொண்டு வெட்டியெடுத்து, முன்னங்கால்களால் தட்டித் தட்டி உருண்டை பிடிக்கும். பிறகு தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் உருட்டியபடி பின்பக்கமாகவே ஓடும். மற்ற வண்டுகள் பிடுங்க வருமுன் தப்ப வேண்டும் என்பதால் நேர்கோட்டில்தான் ஓட்டம். நடுநடுவே உருண்டைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, வானத்தைப் பார்த்துத் திசை பிடித்துக்கொள்ளும். பகலில் சூரியன் வழிகாட்டும். இரவில்? தென்னாப்பிரிக்க வண்டு ஒன்று பால்வீதியின் ஒளிப்பட்டையைப் பார்த்தே நேராகப் போகிறது என்பதை ஆய்வாளர் மேரி டாக்கே குழுவினர் ஜோகன்னஸ்பர்க் கோளரங்கில் சோதித்து, 2013இல் வெளியிட்டார்கள். விரல் நுனியளவு பூச்சிக்கு விண்மீன் கூட்டம் துணை!

நம் நாட்டில் இப்படி உருட்டும் வண்டுகளில் ஒன்று ஜிம்னோப்ளூரஸ் பேரினம். அமெரிக்கக் கண்டங்களில் இதே தொழில் காந்தான் போன்ற பேரினங்களுக்கு. ஆந்தோஃபாகஸ் வகை உருட்டுவதில்லை, சாணிக்கு அடியிலேயே வளை தோண்டி உள்ளே இறக்கிவிடும். புதைத்த உருண்டைக்குள் ஒரு முட்டை. பொரிந்த புழு உள்ளிருந்தே தின்று வளரும். சுவரில் விரிசல் விட்டால் தன் கழிவையே பூசி அடைத்துக்கொள்ளும்.

காட்டில் கிடை போட்டவுடன் உழுதுவிடும் சம்சாரிக்குச் சாணியைப் புதைப்பதன் அருமை புரியும். மேலாகக் கிடக்கும் சாணியின் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். வண்டு புதைத்தால் வேருக்குப் போகும். வளை வழியே மழைத்தண்ணீரும் இறங்கும். இந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. கங்காருப் புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகளால் மாட்டுச் சாணியைச் சமாளிக்க முடியவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி மூடி ஈ பெருகியது. 1960களில் பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா தொடங்கிய திட்டத்தில் வெளிநாட்டு வண்டுகளை வரவழைத்துத்தான் தீர்வு தேடினார்கள்.

நமக்கோ மாட்டுச் சாணியைப் புதைக்கும் வண்டுகள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றைக் கெடுத்துவிடாமல் இருந்தால் போதும். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு நீக்க மருந்து போட்ட மாட்டின் சாணியில் அந்த மருந்து சில வாரங்கள்கூடத் தங்கி, வண்டுப் புழுக்களைக் கொல்லும். ஆல்பெண்டசோல் போன்றவற்றால் அந்தக் கேடு மிகக் குறைவு. மாட்டுக்குக் குடற்புழு நீக்கம் அவசியம்தான். மழைக்காலத்தில் எந்த மருந்து கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.