மலை மறைவு நாடும் அதன் புல்லும் மாடும்

கொங்கு நாட்டுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஆடி மாதத்தில் அம்மியும் பறக்கும்படி மேல்காற்று வீசுகிறது. அது கடலிலிருந்து வருங் காற்று. பாலக்காட்டில் அடைமழை பெய்விக்கிறது. அங்கிருந்து முப்பது மைல் தூரத்திலுள்ள நம் புஞ்சைகளை மட்டும் அது நனைக்காமற் போவதேன்? கேள்வி நியாயமானதே. இதன் விடையை அறிந்தோர்க்கு, எதற்குக் கடன் கேட்கலாம், எதற்குக் கேட்கலாகாது என்பதும் ஒருவாறு விளங்கும்.

ஒரு பிரதேசத்தின் சீதோஷ்ண நிலையை நிருணயிக்கும் காரணங்கள் பல. பூமத்திய ரேகைக்கு அது எவ்வளவு சமீபத்திலுள்ளது, கடலுக்கு எவ்வளவு தூரம், தரைமட்டத்தின் உயரம் என்ன என்பவை அவற்றுட் சில. 1,000 அடி உயரத்திற்குச் சுமார் 3½ டிகிரி பாரன்ஹீட் வீதம் உஷ்ணம் குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர் உதகமண்டலத்தில் கம்பளி தேடுவது இதனாலேயே. ஆனால் நமக்கு முக்கியமானது மற்றொரு காரணம்; அதாவது, காற்றின் வழியில் மலை நிற்கும் விதம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் நீராவியைச் சுமந்து வருகிறது. தெற்கே 8,842 அடி உயரமுள்ள ஆனைமுடியும், வடக்கே 8,652 அடி உயரமுள்ள தொட்டபெட்டாவும் இருக்கும் மலைத்தொடர் அதனைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று அவ்வளவு நீராவியைத் தாங்கமாட்டாது மழையாக விட்டுவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போதோ, காற்று மீண்டும் சூடேறுகிறது. ஈரமிழந்த காற்று இறங்குகையில் 1,000 அடிக்குச் சுமார் 5½ டிகிரி சூடேறுமாதலால், ஏறும்போது குளிர்ந்ததைவிட இறங்கும்போது அடையும் சூடு அதிகம். அக்காற்று மழை பெய்வதற்குப் பதில் மண்ணிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கோழிக்கோட்டில் ஆண்டுக்குச் சுமார் 120 அங்குல மழை. அங்கிருந்து நேர்கோட்டில் 80 மைல் தூரமுள்ள கோயம்புத்தூரிலோ சுமார் 25 அங்குலம்.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 20 மைல் அகலமுள்ள திறந்த வாயிலாயிற்றே என்பீர்கள். உண்மை, அவ்வழியே காற்று தாராளமாக வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் சுழல்வது அதன் பலத்தாலேயே. ஆயினும் அங்கே காற்றை மேலே தூக்கிவிட மலையில்லை. ஆகவே சாரலுக்குமேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மலையில் பெய்த மழையில் ஒரு பங்கை அமராவதியும் நொய்யலும் கொண்டுவருகின்றன. அது வாய்க்கால் பாயும் நிலங்களுக்கே உதவும். மற்றையோருக்கு ஐப்பசி, கார்த்திகையில் வங்காளக் குடாக்கடலிலிருந்து வரும் மழையே பெருந்துணை. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அப்போது பெய்வதே.

இத்தகைய பூமியில் நிலைத்து வாழும் ஜீவராசிகள் அதற்கேற்ற தந்திரங்களைப் பெற்றிருக்கின்றன. கள்ளியும் கற்றாழையும் பகலில் தம் இலை, தண்டுகளிலுள்ள நுண்துவாரங்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்குகின்றன. ஆதலால் நீர் ஆவியாவது குறைகிறது. சோளப் பயிர் வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். மழை வந்ததும் மறுபடி வளரும். நெல்லுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளை இவ்விஷயத்தில் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். முள்கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும் நிற்கும். கோடையில் புல் காய்ந்தாலும் அதன் தூர் சாவதில்லை. ஒரு மழைக்குத் தழைத்துவிடும். புல் குறைந்த காலத்தில் வெள்வேலங் காய் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தீனியாகிறது. இப்புல்லில் மேய்ந்து வளர்ந்ததே காங்கேயம் இனம். கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, சுமார் ஆறு மாதத்தில் நிறம் மாறுவதைக் குடியானவர் யாவரும் அறிவர். இம்மாடு, நம் நாட்டுத் திமில் மாடுகள் பலவற்றைப்போல, வியர்வைச் சுரப்பிகள் மிகுந்தது. வெயிலில் உழைக்க வல்லது. பால் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. ஐரோப்பிய இனக் கறவைகள் பால் மிகுதியாகத் தரும். ஆனால் உஷ்ணம் சுமார் 77 டிகிரிக்கு மேற்போனால் அவற்றுக்குத் தீனி குறையும், பாலும் குறையும். கலப்பினத்தில் இக்குறை சற்றுத் தணியுமேயன்றி நீங்காது. நிழலும் பசுந்தீவனமும் கிணற்று நீரும் உள்ளவர் வளர்த்து லாபமடையலாம். இல்லாதவர் மாட்டையும் இழந்து தவணையையும் செலுத்த மாட்டாமல் நிற்பர்.

கொரங்காட்டை உழுது நீர்ப்பயிர் வைக்கக் கடன் கோரும் மனு வந்தால், நிர்வாக சபையார் மனுதாரரை மூன்று விஷயங்கள் கேட்க வேண்டும். சித்திரையில் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது? புல் போனபின் மாடுகளுக்குத் தீனி எங்கிருந்து வரும்? உழுத பயிர் பொய்த்தால் அந்தப் புல்லை மறுபடி உண்டாக்க அவரிடம் விதையும் காலமும் உண்டா? மானாவாரிப் பயிர்க் கடன்களின் தவணையையோ, ஐப்பசி மழைப் பயிர் களத்துக்கு வரும் தை, மாசி மாதங்களுக்குப் பின்னரே வைப்பது நலம். கார்த்திகையில் தவணை வைத்தால், பயிர் வயலில் நிற்க, பணத்துக்கு வேறிடத்தில் வட்டிக்கு வாங்கவேண்டியதாகும்.