நடுச்சுவர் யாருக்குச் சொந்தம்?
பழைய வரிசை வீடுகளில் பழுது பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பாலக்காட்டில் கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று எந்தக் கிராமத்துக்குப் போனாலும் (இங்கே அக்ரஹாரத்துக்குக் ‘கிராமம்’ என்றுதான் பெயர்) முதலில் கண்ணில் படுவது தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீண்டு கிடக்கும் ஓட்டுக் கூரைதான். திண்ணையை ஒட்டித் திண்ணை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு ஆள் நுழையச் சந்து கிடையாது. இருப்பது ஒரே சுவர். அதில் இந்தப் பக்கத்து வீட்டு உத்தரமும் அந்தப் பக்கத்து வீட்டு உத்தரமும் தலை வைத்துப் படுத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. ஒரு சுவர் மிச்சம், வெயில் படாததால் வீடும் குளிர்ச்சி. இரண்டு வீட்டுக்காரரும் தெருவிலேயே குடியிருந்த வரை ஓடு மாற்றுவதானால் ஒரே ஆசாரியை வைத்து இருவரும் சேர்ந்தே மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஒருவர் மும்பையில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர். அவர்களில் நம் ஊர்களிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த குமாஸ்தாக்களும் உண்டு. மழைக்காலத்தில் சுவரோரம் பாயை விரித்துப் படுப்பவர் அவர். அந்தச் சுவரைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை என்பதுபோல் நடக்கிறது காரியம்.

இடிந்து விழும் வீடுகள் பெரும்பாலும் ஒரே நாளில் இடிவதில்லை. கூரையில் ஒரு ஓடு நகர்கிறது. தண்ணீர் ரீப்பரில் இறங்கி, கைமரத்தின் வழியாக ஓடி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே காற்று கிடையாது. நனைந்த மரம் காய வழியில்லை. வெளியே தெரியும் பாகம் தேக்கு மாதிரி மின்னும். உள்ளே ஒரு சாண் நீளம் கரையான் தின்ற மாவு. தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். திருப்புளியால் குத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உத்தரத்தின் தலை அமர்ந்ததும் கூரையின் பாரம் நேராகக் கீழே இறங்காமல் சுவரைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பிக்கிறது. அப்போதுதான் விரிசல் தெரிகிறது. நாமோ விரிசலுக்கு சிமெண்ட் பூசிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம்!

இந்த சிமெண்ட் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். பழைய சுவர்கள் செங்கல்லோ வெட்டுக்கல்லோ வைத்து, மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியவை. அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்பு கிடையாது. பூமியின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்பின் நுண்ணிய துளைகள் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். அடியில் மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் என்ன செய்யும்? இன்னும் மேலே ஏறுகிறது. பூச்சுக்கு மேலே உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. அதற்கும் மேலே சிமெண்ட் பூசுகிறோம். இப்படியே ஏறி, ஈரம் மரம் இருக்கும் இடத்தைத் தொட்டுவிடுகிறது. பணமும் போய், சுவரும் போகிற வழி இது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பில் காரை பூசத் தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு, கூலியும் கூடுதல். தேடிப் பிடிப்பதில் தவறில்லை.

விரிசல் பழையதா, வளர்கிறதா என்று பார்க்க இஞ்சினீயர் வேண்டியதில்லை. குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டிவிடலாம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதுவும் வேண்டாமென்றால் விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கலாம். எங்கள் ரயில்வேயில் ஆற்றுப் பாலத்தின் தூணில் வெள்ளம் ஏறிய மட்டத்தையும் ஆண்டையும் பெயின்டால் எழுதி வைப்பார்கள். பிற்பாடு வருகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்தால், அல்லது கதவு திடீரென்று நிலையில் இடிக்க ஆரம்பித்தால், அப்போது இஞ்சினீயரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது.

உத்தரம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு நல்ல மரத்தை ஒட்டுப் போட்டு இரும்புப் பட்டையால் இறுக்கலாம். ஆனால் முட்டுக் கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் அறுக்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டிலும் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏலத்தில் போன பழைய தண்டவாளத்தை உத்தரமாக வைக்கும் வழக்கமும் உண்டு. வலுவானதுதான். ஆனால் கஜத்துக்கு 90 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தில் பத்தடித் துண்டே ஏறக்குறைய 135 கிலோ. அதை மண் சாந்துச் சுவரில் அப்படியே சொருகினால் சுவர் நசுங்கும். அடியில் அகலமான கருங்கல் பலகை அவசியம்.

அடுத்த வீடு இடிக்கப்படும்போது

பெரிய ஆபத்து வருவது பழுது பார்க்கும்போதல்ல, பக்கத்து வீட்டுக்காரர் முழுதாக இடித்துக் கட்டும்போது. அதுவரை இரு கூரைக்கும் நடுவே நனையாமல் இருந்த நடுச்சுவர் ஒரே நாளில் வெளிச்சுவர் ஆகிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவமழையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும் ஊர் இது. பூச்சில்லாத மண் சாந்து ஒரு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். போதாக்குறைக்குப் புது வீட்டின் கான்கிரீட் தூண்களுக்குச் சுவரை ஒட்டியே ஆழமாகக் குழி வெட்டுவார்கள். பழைய சுவரின் அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் இருக்காது. எல்லாக் குழியையும் ஒரே சமயத்தில் திறக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, நிரப்பிய பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். மழை மாதத்தில் தோண்டவே கூடாது.

சட்டம் இதில் சும்மா இருக்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், பக்கத்து நிலமோ அதன்மேல் உள்ள கட்டடமோ 20 ஆண்டுகள் இடையூறின்றித் தாங்கி வந்தால், அந்தத் தாங்குதலைத் தொடர்ந்து பெறும் உரிமையை அடுத்தவருக்குக் கொடுக்கிறது. பாலக்காடு 1956 வரை சென்னையோடு சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்ததால் இந்தச் சட்டம் இங்கே ஆதி முதலே உண்டு. நூறு வருஷத்து நடுச்சுவரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? “என் வீடு, நான் இடிக்கிறேன்” என்று சொல்லி உங்கள் உத்தரத்தை அந்தரத்தில் விட முடியாது. ஆனால் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்குவதற்குள் சுவர் போய்விடும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1996-இல் தனிச் சட்டம் போட்டார்கள். பொதுச் சுவரில் கை வைப்பதானால் இரண்டு மாதம் முன்பே அடுத்த வீட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் சர்வேயர் வந்து சுவரின் நிலையைப் பதிந்து, எப்படி வேலை செய்வது என்று தீர்மானிப்பார். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கத்தை இரவல் வாங்குவதில் என்ன தடை? வேலை தொடங்குமுன் இரு வீட்டுக்காரரும் நின்று, உள்ள விரிசல்களைப் போட்டோ எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். கல்பாத்தி பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்ட இடமாதலால் அங்கே கட்டட மாற்றத்துக்கு நகராட்சியோடு கலை-பாரம்பரிய ஆணையத்தின் பார்வையும் உண்டு. வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்கும் புதுக் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் நகராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாடகைக்காரர் என்ன செய்யலாம்? சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வாயால் சொன்னால் போதாது. பதிவுத் தபால், ரசீது எல்லாம் வேண்டும். வாடகைச் சீட்டில் பழுது யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். “இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்” என்று சொல்கிறாரா? 1965-ஆம் ஆண்டுக் கேரள வாடகைச் சட்டப்படி அவர் பிளானும் வசதியும் இருப்பதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். கட்டி முடித்தபின் அந்த இடத்தை முதலில் கேட்கும் உரிமை பழைய வாடகைக்காரருக்கே.

லயத்துச் சுவர்

நடுச்சுவர் அக்ரஹாரத்துக்கு மட்டும் உள்ள சங்கதியல்ல. இடுக்கியில் மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் நம் ஜனங்கள் நான்கைந்து தலைமுறையாகக் குடியிருக்கும் லயங்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்கு போட்ட வரிசை வீடுகள்தான். வித்தியாசம், அங்கே எல்லா அறைக்கும் சொந்தக்காரர் தோட்டக் கம்பெனி ஒன்றே. ஆகவே பேச்சு சுலபமாக இருக்க வேண்டும், இருப்பதில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதோடு அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமை என்றது. வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலோ காயமடைந்தாலோ முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பதும் பின்னர் அதில் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. நஷ்ட ஈட்டு விதி சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது. குடியிருந்தவரின் தவறு மட்டுமோ இயற்கைச் சீற்றமோ காரணமென்றால் ஈடு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். சுவரைச் செப்பனிட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது இடத்தின் கோளாறு. ஆனால் ஒவ்வொரு மழையிலும் ஒழுகும் கூரையும் சாயும் சுவரும் இயற்கைச் சீற்றத்தில் சேராது. அந்தக் கணக்கைக் கலந்துவிட இடம் கொடாமல், விரிசலின் தேதியையும் படத்தையும் சேர்த்து எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வைப்பது தொழிலாளிக்குப் பாதுகாப்பு.

பாலக்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஐப்பசிக் கடைசியில், நவம்பர் நடுவில், கல்பாத்தித் தேருக்கு வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பலர் வந்துவிடுவார்கள். வருஷம் முழுவதும் கடிதத்துக்குப் பதில் போடாத இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க அந்த மூன்று நாளை விட்டால் வேறு நாள் கிடைக்காது. அப்போது ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டி வந்து நடுச்சுவரைக் காட்டிச் செலவைப் பிரித்து எழுதிக்கொண்டால், தை மாதம் முட்டுக் கொடுத்து வேலை தொடங்கலாம். காரை உலர மாசி, பங்குனி வெயில் இருக்கிறது. சித்திரைக்குள் ஓடு ஏறிவிட வேண்டும். இடவப்பாதி மழை ஜூன் முதல் வாரத்தில் வந்துவிடும்.