மூளைக் கட்டி: குளிக்கவும் மறுப்பது சோம்பலா? - சந்தேகங்களும் விளக்கங்களும்

மூளைக் கட்டிக்கு சிகிச்சை பெறுவோரில் பலர் குளிப்பது, உடுத்துவது, வேளைக்கு மருந்து சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளில் பின்தங்குகின்றனர். கட்டி இருக்கும் இடம், மருந்தின் பக்கவிளைவு, மனச்சோர்வு, அச்சம் என இதற்குக் காரணங்கள் பல. காரணத்துக்கேற்ப உதவியும் மாறும் என்பதால், குடும்பத்தினருக்கு எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறனை எப்படி அளவிடுகிறார்கள்?

0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் கர்னோஃப்ஸ்கி அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. 70 என்றால் தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்வார். ஆனால், வழக்கமான வேலையைச் செய்ய இயலாது. 60 என்றால் அவ்வப்போது பிறர் உதவி தேவை. 50 என்றால் கணிசமான உதவி தேவை.

நன்றாகப் பேசுகிறார், குளிக்கச் சொன்னால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறார். இது சோம்பலா?

சோம்பலாக இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செயலைத் தானாகத் தொடங்கும் முனைப்பை, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் தருகிறது. அங்கு கட்டி இருந்தால், கை கால்களில் வலு இருந்தும் செயல் தொடங்காது. வாளியில் தண்ணீர் நிரப்பி, குவளையைக் கையில் கொடுத்தால் சிலர் தாமாகவே குளித்து முடிப்பதும் உண்டு.

இதை மனச்சோர்விலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

முனைப்பு குறைந்தவரிடம் பெரும்பாலும் வருத்தம் தெரியாது. துயரம், குற்ற உணர்வு, எதிலும் நாட்டமின்மை, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரக்கூடும் என்பதால் மனநல மருத்துவரின் பரிசோதனை அவசியம்.

இலையின் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமலே, பரிமாறவில்லை என்கிறார். ஏன்?

வலது பக்கவாட்டு மடல் பாதிக்கப்பட்டால், பார்வை சரியாக இருந்தாலும் இடப்பக்கம் கவனத்துக்கே வராமல் போகலாம். முகத்தின் வலது பாதியை மட்டும் சவரம் செய்வதும் இதனால்தான். தன்னிடம் குறை இருப்பதையே சிலர் உணர்வதில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்க்க நினைவூட்டுவதும், அதற்கான மறுவாழ்வுப் பயிற்சியும் உதவும்.

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்த பிறகும் களைப்பு ஏன் தீரவில்லை?

கிளியோபிளாஸ்டோமா வகைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பொதுவாக வாரம் 5 நாள் வீதம் 6 வாரங்களில் 30 முறை தரப்படுகிறது. நாள் செல்லச்செல்லக் கூடும் களைப்பு, சிகிச்சைக்குப் பின்னும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கலாம். குளியல் போன்ற வேலைகளைத் தெம்புள்ள நேரத்தில் வைத்துக்கொள்வதும், இயன்ற அளவு நடப்பதும் பலன் தரும்.

மருந்துகளாலும் சிக்கல் வருமா?

வரலாம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் தூக்கமின்மை, எரிச்சல், ரத்தச் சர்க்கரை உயர்வு, தொடைத் தசைத் தளர்ச்சி ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். வலிப்புக்கான லெவெடிராசெட்டம் சிலருக்குக் கோபத்தைத் தூண்டும். இவற்றை மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

வலிப்பு வருமோ என்ற பயத்தில் தனியாகக் குளிக்க அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?

நாற்காலியில் அமர்ந்து குளிப்பதும், கதவை உட்புறம் தாழிடாமல் இருப்பதும், கூப்பிடும் தூரத்தில் ஒருவர் நிற்பதும் பாதுகாப்பானவை. வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மனநல மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கலாம். புப்ரோபியான் போன்ற சில மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை. எனவே, கட்டி இருப்பதையும் தற்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மனநல மருத்துவரிடம் தெரிவிப்பது கட்டாயம்.

உதவிக்கு யாரை அணுகுவது?

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் ஆலோசனை உண்டு. நோயாளியுடன் குடும்பத்தினரும் இதைப் பயன்படுத்தலாம். சில நாள்களுக்குள் திடீரெனச் செயல்திறன் குறைந்தாலோ, தலைவலி, வாந்தி, மயக்கம் கூடினாலோ, தற்கொலை எண்ணம் வெளிப்பட்டாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.